தமிழ்நாட்டுப் பள்ளிகளில் செல்பேசிக் கட்டுப்பாடு

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் செல்பேசிக் கட்டுப்பாடு என்பது, மாணவர்கள் செல்லிடத் தொலைபேசியைப் பள்ளிக்குக் கொண்டுவருதல், வளாகத்தில் வைத்திருத்தல், பயன்படுத்துதல் ஆகியவற்றின் மீது அரசும் பள்ளிகளும் விதிக்கும் தடைகளையும் நெறிமுறைகளையும் குறிக்கும். செல்லிடத் தொலைபேசி பேச்சு வழக்கில் செல்போன் எனப்படுகிறது. கைபேசி, நகர்பேசி, அலைபேசி ஆகிய சொற்களும் வழக்கில் உள்ளன. இக்கட்டுரையில் செல்பேசி என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது.

இவ்விதிகள் பொதுவாக "மாணவரின் செல்பேசி" என்ற எண்ணத்தின் மீது அமைந்தவை. ஆனால் மானாவாரி வேளாண்மையையும் கூலி வேலையையும் நம்பியுள்ள பகுதிகளில், மாணவரின் பையில் இருக்கும் செல்பேசி பல வேளைகளில் மாணவருடையது அன்று, வீட்டுக்கே பொதுவானது. எனவே பள்ளி விதிக்கும் ஒரு தண்டனை மாணவரைக் கடந்து குடும்பத்தையும் சென்று சேர்கிறது. விதிகளின் வகைகள், வரலாறு, காரணங்கள், சட்ட நிலை, ஆய்வு முடிவுகள் ஆகியவற்றை, விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

விதிகளின் வகைகள்

"பள்ளியில் செல்பேசிக்குத் தடை" என்று ஒரே தொடரால் குறிக்கப்பட்டாலும், நடைமுறையில் இவ்விதிகள் நான்கு வகைப்படும்.

* கொண்டுவரத் தடை: செல்பேசி பள்ளி வாயிலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. பையில் அணைத்து வைத்திருந்தாலும் அது விதிமீறலாகும்.
* ஒப்படைப்பு முறை: மாணவர் செல்பேசியைக் கொண்டுவரலாம். காலையில் அலுவலகத்திலோ வகுப்பாசிரியரிடமோ ஒப்படைத்து, மாலையில் திரும்பப் பெற வேண்டும்.
* பயன்படுத்தத் தடை: செல்பேசி அணைக்கப்பட்ட நிலையில் பையில் இருக்கலாம். வெளியே எடுப்பதே விதிமீறலாகும்.
* அனுமதியுடன் பயன்பாடு: பாடம் தொடர்பான தேவைக்கு ஆசிரியர் அனுமதிக்கும்போது மட்டும் பயன்படுத்தலாம்.

முதல் வகை நடைமுறைப்படுத்த எளிது. ஆசிரியர் எதையும் ஆராய வேண்டியதில்லை. கருவி கண்ணில் பட்டால் போதும். இரண்டாம் வகைக்குப் பூட்டுள்ள பேழை, பதிவேடு, பொறுப்பாளர் ஆகியவை தேவை. மூன்றாம் வகை, மாணவரின் கட்டுப்பாட்டை நம்பியிருக்கிறது. நான்காம் வகை, மாணவர் அனைவரிடமும் கருவி இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. கருவி இல்லாத மாணவர் அவ்வகுப்பில் பின்தங்குவார் என்பது இதன் குறைபாடு.

வரலாறு

தொடக்கக் காலம்

இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 சூலை 31 அன்று கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. முதல் சில ஆண்டுகளில் வரும் அழைப்புகளுக்கும் கட்டணம் இருந்ததால், செல்பேசி வசதி படைத்தோரின் கருவியாகவே இருந்தது. 2003இல் வரும் அழைப்புகள் கட்டணமின்றி ஆனதும், அது எளிய குடும்பங்களுக்கும் எட்டியது. மாணவர் கைகளில் செல்பேசி தென்படத் தொடங்கியது இதன் பின்னரே ஆகும்.

தமிழ்நாட்டில் இச்சிக்கல் முதலில் கல்லூரிகளில் பேசப்பட்டது. 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புப் பெற்ற பொறியியல் கல்லூரிகளில் உடை நெறிகளையும் செல்பேசித் தடையையும் கொண்டுவந்தபோது, அது மாநில அளவில் விவாதிக்கப்பட்டது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2009 சூலை மாதத்தில் தன் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பள்ளி வளாகத்தில் செல்பேசியைக் கட்டுப்படுத்துமாறு அறிவுறுத்தியது.

அக்காலத்துச் செல்பேசி பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டுமே பெரிதும் பயன்பட்டது. வகுப்பில் மணி ஒலிப்பதும், தேர்வில் குறுஞ்செய்தி வழி விடை பெறுவதுமே அன்றைய கவலைகள். பின்னர்த் திறன்பேசிகள் பரவின. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கியதை அடுத்து இணையக் கட்டணம் பெருமளவு குறைந்தது. இதனால் கவலையின் இயல்பும் மாறியது. நிழற்படம், நிகழ்படம், சமூக வலைத்தளம், விளையாட்டு ஆகியவை ஒரே கருவியில் மாணவர் கைக்கு வந்தன.

பாடநூலும் செல்பேசியும்

2018-19 கல்வியாண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டன. செல்பேசியின் ஒளிப்படக் கருவியால் அக்குறியீட்டைப் படித்தால், பாடம் தொடர்பான நிகழ்படங்களும் பயிற்சிகளும் திறக்கும். இவ்வாறு, பள்ளிக்குள் நுழையக்கூடாத கருவி, பாடநூலின் ஒரு பகுதியை வீட்டில் திறப்பதற்கான திறவுகோலாக ஆனது.

பெருந்தொற்றுக் காலம்

கோவிட்-19 பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வழியே அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பாடங்கள் ஒளிபரப்பப்பட்டன. தனியார் பள்ளிகள் பலவும் செல்பேசி வழி நேரலை வகுப்புகளை நடத்தின. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் வாட்சப் குழுக்களைத் தொடங்கி, வீட்டுப்பாடங்களையும் ஒலிப்பதிவுகளையும் அனுப்பினர்.

அதுவரை மாணவர் கையில் செல்பேசி இருப்பதைக் குற்றமாகக் கண்ட பள்ளியே, அது இல்லாத மாணவரைத் தேட வேண்டிய நிலை ஏற்பட்டது. பல பெற்றோர் கடன் வாங்கியும், தவணை முறையிலும், பழைய கருவிகளை விலைக்கு வாங்கியும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். மாநிலத்தில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்றும், 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் அதே ஆண்டு நவம்பர் 1 அன்றும் மீண்டும் திறக்கப்பட்டன. கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், தன்னார்வலர்கள் குடியிருப்புகளுக்கே சென்று மாலை நேரத்தில் நேரில் கற்பிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தது. செல்பேசி வழிக் கல்வி எட்டாத பிள்ளைகள் பலர் இருந்தனர் என்பதை இத்திட்டத்தின் தேவையே காட்டுகிறது.

2022ஆம் ஆண்டு அறிவிப்பு

பள்ளிகள் முழுமையாக இயங்கத் தொடங்கிய 2022ஆம் ஆண்டின் முற்பகுதியில், வகுப்பறைகளில் மாணவர்கள் ஒழுங்கீனமாக நடந்துகொள்ளும் நிகழ்படங்கள் சமூக வலைத்தளங்களில் பரவின. அவற்றுள் பல, மாணவர்களின் செல்பேசிகளிலேயே பதிவானவை. இப்பின்னணியில், 2022 மே மாதத்தில், பள்ளிக்கல்வித் துறை அமைச்சராக இருந்த அன்பில் மகேஷ் பொய்யாமொழி, மாணவர்கள் பள்ளிக்குச் செல்பேசி கொண்டுவந்தால் அது பறிமுதல் செய்யப்படும் என்றும், திருப்பித் தரப்படமாட்டாது என்றும் அறிவித்தார். மேலே கூறிய நான்கு வகைகளுள் இது முதல் வகையைச் சேர்ந்தது. திருப்பித் தராமை என்ற கூடுதல் தண்டனையையும் கொண்டது.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்

நிலமும் வாழ்க்கையும்

அருப்புக்கோட்டை, மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ள நகரம் ஆகும். நெசவும் நூற்பாலைத் தொழிலும் இந்நகரின் முதன்மைத் தொழில்கள். இதன் கிழக்கே குண்டாற்றங்கரையில் உள்ள திருச்சுழி, பூமிநாதர் கோயிலாலும் இரமண மகரிசி பிறந்த ஊர் என்பதாலும் அறியப்படுகிறது. சுற்றியுள்ள சிற்றூர்களின் நிலம் பெரும்பாலும் கரிசல் மண். வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. அளவில் பெய்யும் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. கண்மாய் நிறைந்தால் நெல். மற்றபடி பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி, மிளகாய் போன்ற மானாவாரிப் பயிர்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் வேலிக்கருவையை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பது பலருக்குக் கைகொடுக்கும் தொழிலாக உள்ளது. வெளியூர்களுக்கு வேலை தேடிச் செல்வோரும் உண்டு.

இத்தகைய நிலத்தில் கல்வி, வறட்சியிலிருந்து வெளியேறும் வழியாகக் கருதப்படுகிறது. விருதுநகர் மாவட்டம் நீண்ட காலமாகப் பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் முன்னணியில் இருந்துவருகிறது. 2023ஆம் ஆண்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 97.85 விழுக்காட்டுத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. அதே மாவட்டம், 2018இல் நடுவண் அரசு வளர்ச்சியில் முன்னேற வேண்டியவை எனத் தேர்ந்தெடுத்த மாவட்டங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இடம்பெற்ற மற்றொரு மாவட்டம் இராமநாதபுரம் ஆகும்.

வீட்டின் செல்பேசி

கூலித் தொழிலை நம்பிய குடும்பத்தில் செல்பேசி பல வேலைகளைச் செய்கிறது. மறுநாள் வேலை உண்டா என்று மேஸ்திரி அழைப்பது அதில்தான். வெளியூரில் இருப்பவர் அனுப்பிய பணம் வங்கிக் கணக்கில் சேர்ந்த செய்தி வருவதும், எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வதும், அரசு உதவித்தொகைக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வருவதும் அதே எண்ணில்தான். 18 வயது நிரம்பாதவர் பெயரில் இந்தியாவில் சிம் அட்டை வழங்கப்படுவதில்லை. எனவே பள்ளி மாணவர் கையில் உள்ள எந்த எண்ணும், பெற்றோர் அல்லது உறவினர் ஒருவர் பெயரில் பதிவானதாகவே இருக்கும்.

நாட்டுப்புற இந்தியாவில் நடத்தப்படும் ஏசர் கல்வி நிலை ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கை இதனைத் தெளிவாக்குகிறது. 14 முதல் 16 வயதுடையோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் தம் வீட்டில் திறன்பேசி இருப்பதாகவும், 82.2 விழுக்காட்டினர் அதைப் பயன்படுத்தத் தெரியும் என்றும் கூறினர். பயன்படுத்தத் தெரிந்தவர்களுள் தமக்கென்று சொந்தமாக வைத்திருந்தோர், சிறுவரில் 36.2 விழுக்காடு, சிறுமியரில் 26.9 விழுக்காடு. அதாவது பத்தில் ஆறு, ஏழு பேர் பயன்படுத்துவது பிறருடைய கருவியையே ஆகும். இவை நாடு தழுவிய எண்கள். ஒரு வட்டாரத்தின் நிலையை அப்படியே காட்டுபவை அல்ல என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

பயணம்

சிற்றூர்களில் தொடக்கப்பள்ளியும் நடுநிலைப்பள்ளியும் அருகில் இருந்தாலும், மேல்நிலைக் கல்விக்குப் பிள்ளைகள் பலர் பேருந்தில் செல்ல வேண்டியுள்ளது. அரசு இலவசப் பேருந்துப் பயண அட்டை வழங்குகிறது. ஆனால் சிற்றூர்ப் பேருந்துகள் ஒரு நாளில் சில தடவைகளே வரும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலையில் சிறப்பு வகுப்புகள் நடைபெறுவது வழக்கம்.

எடுத்துக்காட்டாக, சிறப்பு வகுப்பு முடியச் சற்று நேரமாகி, ஊருக்குச் செல்லும் பேருந்தைத் தவறவிட்ட ஒரு மாணவியைக் கருதலாம். அடுத்த பேருந்துக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். இறங்கும் நிறுத்தத்திலிருந்து ஊருக்கு இருட்டில் நடக்க வேண்டியிருக்கலாம். முன்பு பேருந்து நிலையங்களிலும் கடைகளிலும் இருந்த ஒரு ரூபாய்த் தொலைபேசிகள் மறைந்துவிட்டன. அந்த மாணவி வீட்டுக்குச் செய்தி சொல்ல, வேற்று மனிதர் ஒருவரிடம் செல்பேசியை இரவல் கேட்க வேண்டும். பிள்ளையின் பையில் செல்பேசியை வைத்து அனுப்பும் பெற்றோர் பலரின் மனத்தில் இருப்பது பாடமோ விளையாட்டோ அன்று. இந்தப் பயணமே ஆகும். பள்ளி விதி பள்ளி நேரத்தை மட்டுமே கருதுகிறது. பெற்றோரின் அச்சம் பள்ளி நேரத்துக்கு முன்னும் பின்னும் உள்ளது. இவ்விரண்டும் சந்திக்காமல் போவதே பூசல்களுக்கு முதற்காரணம் எனலாம்.

கட்டுப்பாட்டுக்கான காரணங்கள்

கட்டுப்பாட்டை ஆதரிப்போர் பின்வரும் காரணங்களை முன்வைக்கின்றனர்.

கவனச்சிதறல்: செல்பேசியில் வரும் ஓர் அறிவிப்பு ஒலி, அதன் உரிமையாளரை மட்டுமன்றி அருகில் இருப்போரையும் பாடத்திலிருந்து விலக்குகிறது. சிதறிய கவனம் மீண்டும் ஒன்றச் சில நிமிடங்கள் முதல் 20 நிமிடங்கள் வரை ஆகலாம் என்று யுனெசுக்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை குறிப்பிடுகிறது. ஒரு பாடவேளை 40 அல்லது 45 நிமிடங்களே கொண்டது என்பதைக் கருதினால் இதன் அளவு விளங்கும்.

தனியுரிமை: மாணவியரையும் ஆசிரியரையும் அவர்கள் அறியாமல் படம் எடுத்துப் பரப்புதல், ஒருவரைக் கேலிப்பொருளாக்கிக் குழுக்களில் பகிர்தல் ஆகியவை எளிதில் திரும்பப் பெற முடியாத தீங்குகள் ஆகும்.

தேர்வு ஒழுங்கு: தமிழ்நாட்டின் பொதுத்தேர்வுகளில் தேர்வு அறைக்குள் மாணவர்களும் அறைக் கண்காணிப்பாளர்களும் செல்பேசி வைத்திருக்கத் தடை உள்ளது.

சமத்துவம்: விலை உயர்ந்த கருவி வைத்திருப்போர், இல்லாதோர் என்ற வேறுபாடு வகுப்பில் தோன்றுகிறது. சீருடையும் மதிய உணவும் எந்த வேறுபாட்டைக் குறைக்க வந்தனவோ, அதைச் செல்பேசி மீண்டும் கொண்டுவருகிறது. வசதியற்ற வீட்டுப் பிள்ளை, தனக்கும் வேண்டும் என்று பெற்றோரை வற்புறுத்தும் நிலையும் உண்டாகிறது. தடையை மனமுவந்து வரவேற்கும் பெற்றோருள் இதைச் சொல்வோர் பலர்.

எதிர்ப்புகளும் சிக்கல்களும்

தண்டனையின் அளவு: எளிய திறன்பேசி ஒன்றின் விலை, கூலித் தொழிலாளியின் பல நாள் வருவாய்க்குச் சமம். திருப்பித் தரப்படாத பறிமுதல், பெயரளவில் ஒரே தண்டனையாக இருந்தாலும், வசதியான வீட்டுக்கு அது சிறு இழப்பு. கரிமூட்டம் போடும் வீட்டுக்கு வேலை அழைப்பும் வங்கிச் செய்தியும் நின்றுபோகும் இழப்பு. வேறொரு கருவி வாங்கும்வரை அக்குடும்பம் தொடர்பற்று இருக்கும்.

மறைத்தல்: தண்டனை மிகக் கடுமையாக இருக்கும்போது, மாணவர்கள் செல்பேசியைக் கொண்டுவராமல் இருப்பதற்கு மாறாக மறைத்து வைக்கக் கற்றுக்கொள்கின்றனர். பள்ளிக்கு அருகில் உள்ள கடையில் கொடுத்து வைப்பது இதன் ஒரு வடிவம். நியூயார்க்கு நகரப் பள்ளிகளில் தடை நடைமுறையில் இருந்த காலத்தில், பள்ளி வாயில்களுக்கு அருகே நின்ற வண்டிகள் நாளொன்றுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு செல்பேசிகளைக் காத்து வைத்தன. அந்தச் செலவும் எளிய குடும்பங்களின் மீதே விழுந்தது. அத்தடை 2015இல் நீக்கப்பட்டது.

சோதனை முறை: செல்பேசியைத் தேடும் பெயரில் பைகளையும் உடைகளையும் சோதிப்பது, குறிப்பாக மாணவியரை, அவமதிப்பாக முடியக்கூடும். கைப்பற்றிய செல்பேசியில் உள்ள படங்களையும் செய்திகளையும் ஆசிரியர் பார்க்கலாமா என்பதும் ஒரு சிக்கல். அக்கருவியில் மாணவருடையவை மட்டுமல்லாமல், தாய் தந்தையரின் செய்திகளும் இருக்கும்.

மாணவியர் நிலை: மகனிடம் செல்பேசி பிடிபட்டால் கண்டிப்போடு விடும் வீடு, மகளிடம் பிடிபட்டால் படிப்பையே நிறுத்த எண்ணலாம். எனவே பெற்றோரை அழைத்துப் பேசும் முறையிலும் பள்ளி கவனம் கொள்ள வேண்டியுள்ளது.

ஆசிரியரின் செல்பேசி: மாணவர் வருகைப் பதிவு உள்ளிட்ட பல தகவல்களை ஆசிரியர்கள் கல்வித் தகவல் மேலாண்மை முறைமையில் செல்பேசிச் செயலி வழியே பதிவு செய்கின்றனர். ஆகவே, வகுப்பறையில் ஆசிரியர் செல்பேசியைக் கையில் எடுப்பது பணியின் பகுதியாகிவிட்டது. அது பணிக்கான பயன்பாடு என்பதை மாணவர்களுக்கு விளக்காவிடில், விதி ஒருதலையானது என்ற எண்ணம் அவர்களிடம் தோன்றுகிறது.

சட்ட நிலை

பள்ளி வளாகத்தில் ஒழுங்கு காக்க விதிகள் வகுக்கும் உரிமை பள்ளிக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. அவ்விதியை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது என்பதற்கு வரம்புகள் உள்ளன.

கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு, குழந்தைகளுக்கு உடல் தண்டனை அளிப்பதையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. செல்பேசி கொண்டுவந்த மாணவரை அடிப்பதோ, பிறர் முன் அவமானப்படுத்துவதோ இப்பிரிவுக்கு முரணானது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66E பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படமெடுத்துப் பரப்புவதையும், 67ஆ பிரிவு குழந்தைகளைப் பாலியல் நோக்கில் காட்டும் படங்களை உருவாக்குவதையும் பகிர்வதையும் குற்றங்களாக்குகின்றன. மாணவர்கள் விளையாட்டாக எண்ணிச் செய்யும் சில செயல்கள் இப்பிரிவுகளின் கீழ் வரக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருப்பது தேவை.

இது தொடர்பாக இரு உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் குறிப்பிடத்தக்கவை. கேரள உயர் நீதிமன்றம், 2019 செப்டம்பர் 19 அன்று பகீமா சிரின் வழக்கில், கல்லூரி விடுதியில் மாணவியர் செல்பேசி பயன்படுத்த விதிக்கப்பட்ட நேரக் கட்டுப்பாட்டை ஆராய்ந்து, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதியாகவும் தனியுரிமையின் பகுதியாகவும் அமைகிறது என்று கூறியது. அது கல்லூரி மாணவியர் பற்றியது. பள்ளிச் சிறுவருக்கு அப்படியே பொருந்தாது.

தில்லி உயர் நீதிமன்றம், 2025 பிப்ரவரி 28 அன்று கேந்திரிய வித்தியாலயப் பள்ளி மாணவர் ஒருவர் தொடர்பான வழக்கில் நேரடியாகப் பள்ளிகளைப் பற்றிக் கூறியது. முழுமையான தடை விரும்பத்தக்கதும் அன்று, நடைமுறைக்கு ஏற்றதும் அன்று என்பது நீதிமன்றத்தின் கருத்து. இயன்ற பள்ளிகளில் மாணவர்கள் செல்பேசியை ஒப்படைத்து, வீடு திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம். வகுப்பறையிலும் பொது இடங்களிலும் பள்ளி வண்டியிலும் பயன்படுத்தலாகாது. படமெடுத்தலும் பதிவுசெய்தலும் கூடாது. பெற்றோர், ஆசிரியர், வல்லுநர் ஆகியோருடன் கலந்து விதிகளை வகுக்க வேண்டும். மீறினால் விளைவு என்ன என்பது தெளிவாக இருக்க வேண்டும். அது மிகைக் கடுமையாகவும் இருத்தலாகாது என்று வழிகாட்டியது. இத்தீர்ப்பு தமிழ்நாட்டுப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. எனினும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க முன்மாதிரியாக உள்ளது.

ஆய்வு முடிவுகள்

தடை விதித்தால் மதிப்பெண் உயருமா என்ற வினாவுக்கு ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை.

லூயி பிலிப் பெலான், ரிச்சர்டு மர்பி ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தின் நான்கு நகரங்களைச் சேர்ந்த 91 பள்ளிகளின் தேர்வு முடிவுகளைத் தடைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டது. தடைக்குப் பின் மதிப்பெண்கள் சற்று உயர்ந்தன. அதுவரை குறைந்த மதிப்பெண் பெற்றுவந்த மாணவர்களே மிகுதியான பயன் அடைந்தனர். நன்கு படிப்போரிடம் மாற்றம் தென்படவில்லை. இதே முறையைப் பின்பற்றி சுவீடனில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில் அத்தகைய பயன் காணப்படவில்லை.

பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் 30 பள்ளிகளில் நடத்தி, 2025இல் வெளியிட்ட ஆய்வு, கடுமையான விதி உள்ள பள்ளி மாணவர்களின் மன நலம் மற்றப் பள்ளி மாணவர்களைவிடச் சிறப்பாக இருந்ததற்குச் சான்று இல்லை என்றது. ஆனால் ஒரு நாளில் செல்பேசியிலும் சமூக வலைத்தளங்களிலும் செலவிடும் மொத்த நேரம் கூடக்கூட மன நலமும் உறக்கமும் குறைவதாக அதே ஆய்வு கண்டது. பள்ளி நேரத்தில் மட்டும் தடுத்தால் போதாது, வீட்டு நேரமும் கருதப்பட வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

மேற்கூறிய ஏசர் 2024 அறிக்கையின்படி, திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதினரில், முந்தைய வாரத்தில் கல்விக்காக அதைப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு. சமூக வலைத்தளங்களுக்காகப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு.

பிற நாடுகளில்

யுனெசுக்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கை வெளிவந்தபோது, சட்டத்தாலோ கொள்கையாலோ பள்ளிகளில் திறன்பேசியைத் தடை செய்திருந்த நாடுகள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. 2024 முடிவில் இது ஏறத்தாழ 40 விழுக்காடாக உயர்ந்தது.

* பிரான்சு: 2018ஆம் ஆண்டுச் சட்டம், தொடக்கப்பள்ளிகளிலும் ஏறத்தாழ 15 வயது வரையிலான இடைநிலைப் பள்ளிகளிலும் செல்பேசியைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. வைத்திருப்பதை அச்சட்டம் குற்றமாக்கவில்லை.
* சீனா: 2021இல் கல்வி அமைச்சு, மாணவர்கள் செல்பேசி கொண்டுவரலாகாது என்றது. உண்மையான தேவை உள்ளவர், பெற்றோரின் எழுத்து மூல வேண்டுகோளுடன் கொண்டுவந்து பள்ளியில் ஒப்படைக்க வேண்டும்.
* பிரேசில்: 2025 சனவரியில் கையொப்பமிடப்பட்ட சட்டம், இடைவேளை உட்படப் பள்ளி நேரத்தில் பயன்பாட்டைத் தடுக்கிறது. கற்பித்தல், உடல்நலம், மாற்றுத்திறன் தேவை, இடர் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.
* சிங்கப்பூர்: 2026 சனவரி முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இடைவேளை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசி பயன்படுத்தலாகாது. கருவி, குறித்த இடத்திலோ பையிலோ இருக்க வேண்டும்.

இந்நான்கிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. பயன்பாடு கடுமையாகத் தடுக்கப்படுகிறது. ஆனால் கருவியைக் குடும்பத்திடமிருந்து நிலையாகப் பறிப்பது விதியின் மையமாக இல்லை.

நடைமுறைக்கான வழிகள்

மேற்கண்ட விதிகளையும் தீர்ப்புகளையும் ஒப்பிட்டால், மானாவாரி வட்டாரப் பள்ளி ஒன்றுக்குப் பொருந்தக்கூடிய விதி, கொண்டுவருதலையும் பயன்படுத்துதலையும் தனித்தனியே கருதுவதாக இருக்கும். உள்ளூர் மாணவருக்குச் செல்பேசி தேவையில்லை என்பது பெரும்பாலும் சரியே. தொலைவிலிருந்து பேருந்தில் வரும் மாணவருக்குப் பெற்றோரின் கடிதத்தின் பேரில் ஒப்படைப்பு முறையை அனுமதிக்கலாம். பெயர் எழுதிய உறை, பதிவேடு, பூட்டுள்ள பேழை ஆகியவையே இதற்கு வேண்டுவன. விதியை மீறினால் கருவியைக் கைப்பற்றி, குறித்த நாட்களுக்குள் பெற்றோரிடம் நேரில் ஒப்படைக்கலாம். அவ்வாறு அழைக்கும்போது ஒரு நாள் கூலி இழக்கப்படும் என்பதால், மாலை நேரத்தையோ பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்ட நாளையோ தேர்ந்தெடுப்பது நலம். கைப்பற்றிய கருவியைத் திறந்து பார்த்தல் கூடாது. குற்றச் செயல் நடந்ததாக ஐயம் எழுந்தால், அதை உரிய அதிகாரிகளிடம் விட வேண்டும்.

செல்பேசியின் தேவையைக் குறைப்பதும் விதியின் ஒரு பகுதியே ஆகும். பள்ளி அலுவலகத் தொலைபேசி எண் ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது, மாணவர் தேவைக்கு அதிலிருந்து அழைக்க அனுமதிப்பது, சிறப்பு வகுப்பு முடியும் நேரத்தைப் பேருந்து நேரத்தோடு பொருத்துவது, பேருந்து தவறினால் மாணவியர் பள்ளியிலேயே ஆசிரியர் ஒருவருடன் காத்திருக்க ஏற்பாடு செய்வது ஆகியவை செலவு அதிகமில்லாத வழிகள். இடர் நேர்ந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், கல்வி தொடர்பான ஐயங்களுக்கும் மனநல ஆலோசனைக்கும் தமிழ்நாடு அரசின் 14417 என்ற எண்ணையும் எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம். இவ்வெண்களை மாணவர்கள் மனப்பாடமாக அறிந்திருப்பது நன்று. பெற்றோர் ஒருவரின் எண்ணை நினைவில் வைத்திருப்பதும் அவ்வாறே. செல்பேசி வந்த பின்னர், தம் வீட்டு எண்ணையே நினைவிலிருந்து சொல்ல இயலாத பிள்ளைகள் மிகுந்துள்ளனர். கையில் கருவி இல்லாத நேரத்தில் உதவக்கூடியது அந்த நினைவு ஒன்றே ஆகும்.